ஹைன்ரிஷ் என்றால் பணக்காரன் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் குழந்தைப் பெயர்ப் பக்கத்தில் 'ஹைன்ரிஷ், ஹென்றி: ஜெர்மானியப் பெயர், பணக்காரன்' என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த ஒரு வரி எங்கள் வீட்டில் மனவருத்தத்தில் போய் முடிந்தது. என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள், மருமகன் அந்த நாட்டுக்காரர். போன மாதம் பிறந்த பேரனுக்கு மருமகனின் தாத்தா பெயரான ஹைன்ரிஷ் என்பதையே வைத்தார்கள். உங்கள் பக்கத்தைப் படித்த உறவினர் ஒருவர் போன் போட்டு, "காசு ஆசையிலா இப்படிப் பெயர் வைத்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார். மகள் அழாத குறை.

பெயரின் பின்பாதியான 'ரிஷ்', இன்றைய ஜெர்மனில் 'ரைஷ்'; அதற்குப் பணக்காரன் என்றுதான் பொருள், சரி. தவறு அங்கேதான் நுழைந்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் பெயர் உருவான காலத்தில் அந்தச் சொல்லுக்கு வலிமை உள்ளவன், ஆள்பவன் என்று பொருள். லத்தீனில் அரசனைக் குறிக்கும் 'ரெக்ஸ்', வடமொழி 'ராஜன்' எல்லாம் இதற்கு உறவு. முன்பாதியான 'ஹைம்' என்பது வீடு. இரண்டும் சேர்ந்த 'ஹைமிரிஷ்' நாளடைவில் ஹைன்ரிஷ் ஆயிற்று. வீட்டை ஆள்பவன், மனைக்குத் தலைவன் என்று சொல்லலாம். அப்புறம் ஒன்று: பழைய ஜெர்மானியர் இரண்டு நல்ல சொற்களை எடுத்துக் கோத்துத்தான் பெயர் வைத்தார்கள். ஃப்ரீட்ரிஷ் என்றால் அமைதியும் ஆட்சியும், டீட்ரிஷ் என்றால் மக்களும் ஆட்சியும். அப்பா பெயரில் ஒரு பாதி, அம்மா வழியில் ஒரு பாதி என்று எடுத்துச் சேர்ப்பதும் உண்டு. அதனால் இவற்றை ஒரே சொல்லில் அடக்கிப் பொருள் சொன்னால் பாதிதான் கிடைக்கும்.

919-இல் சாக்சனி நாட்டுத் தலைவர் ஹைன்ரிஷ் ஜெர்மானியர்களின் அரசரானார். மகுடத்தோடு தூதர்கள் வந்தபோது அவர் பறவை பிடிக்க வலை விரித்துக்கொண்டிருந்தார் என்று கதை. அதன்பின் அரசர்களே ஏழாம் ஹைன்ரிஷ் வரை வந்தார்கள். நான்காமவர்தான் 1077 ஜனவரிக் குளிரில் இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில், போப்பாண்டவரின் மன்னிப்புக்காக மூன்று நாள் காத்து நின்றவர்.

அரசன் பெயர் ஊரெல்லாம் பரவுவது இயல்புதானே. ஹைன்ரிஷ் சுருங்கி 'ஹின்ஸ்', கொன்ராட் சுருங்கி 'குன்ஸ்' ஆகி, இன்றும் ஜெர்மன்காரர்கள் யாரோ எவரோ என்பதற்கு 'ஹின்ஸும் குன்ஸும்' என்கிறார்கள். நாம் குப்பனும் சுப்பனும் என்கிறோமே, அதேதான். அரண்மனையில் தொடங்கிய பெயர் இப்படிக் குப்பன் சுப்பன் வரை இறங்கி வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் ராய்ஸ் என்று ஒரு சிற்றரசக் குடும்பம் இருந்தது. ஆறாம் ஹைன்ரிஷ் பேரரசரின் நினைவாக அந்த வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் ஹைன்ரிஷ் என்றுதான் பெயர். அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று யாரை எடுத்தாலும் அதே பெயர்; கூடவே ஓர் எண். ஆட்சிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணவில்லை, பிறந்த பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக எண்ணினார்கள். ஒரு கிளையில் நூறு வரை போய்விட்டு மறுபடி ஒன்று. இன்னொரு கிளையில் நூற்றாண்டு மாறினால் புதுக்கணக்கு. 1848-இல் பதவி துறந்தவர் எழுபத்திரண்டாம் ஹைன்ரிஷ்! 1918-இல் ஆட்சி போனது, பெயர் போகவில்லை.

நான் எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. என் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. கொள்ளுப்பேரனைக் கைபேசித் திரையில் பார்த்து 'எண்டிரிக்கு' என்றுதான் கூப்பிடுகிறார். மகள் திருத்தப் பார்த்தாள், விட்டுவிடு என்றேன். நாக்கு 'ன்' ஒலியிலிருந்து 'ர்' ஒலிக்குப் போகும் வழியில் தானாக ஒரு 'ட்' முளைக்கிறது. 'கன்று' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். டச்சுக்காரர்களும் இதே பெயரை 'ஹென்ட்ரிக்' என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

இந்த 'ட்' தமிழில் அச்சேறியும் இருக்கிறது. 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம்; தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அதை ஆக்கிய போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்றவர். பெயரின் முன்பாதி நம் ஹைன்ரிஷ். பின்பாதி 'ஹென்ரிக்கேயின் மகன்' என்று பொருள்படும் குடும்பப் பெயர். முகப்புப் பக்கத்தில் அவர் பெயர் 'அண்டிறிக்கிப் பாதிரியார்'. அந்தக் கால அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. அதனால் படத்தைப் பார்த்தால் 'அணடிறிககி' என்றுதான் கண்ணில் படும். நிதானமாகக் கூட்டிப் படிக்க வேண்டும். நான் அந்தப் பக்கத்தின் படத்தை அச்செடுத்து, அம்மா கட்டிலுக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் ரொட்ரிகோ என்ற குடும்பப் பெயர் சாதாரணம். அதன் கடைசியில் இருப்பதும் ஹைன்ரிஷின் 'ரிஷ்', ஹென்ட்ரிக்கின் 'ரிக்'தான். போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்த பழைய ஜெர்மானியச் சொல் அது. ரொட்ரிகோ என்றால் 'புகழும் ஆட்சியும்' என்று பொருள். உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் தெரியாமலேயே இந்தப் பெயர்களைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த இதழில் 'பணக்காரன்' என்பதை எடுத்துவிட்டு 'வீட்டை ஆள்பவன்' என்று திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் அண்டிறிக்கிப் பாதிரியாரைப் பற்றியும் இரண்டு வரி சேருங்கள். அந்த இதழில் ஒன்றை மகளுக்கு அனுப்பிவைப்பேன், இன்னொன்றை அந்த உறவினருக்கு.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
தூத்துக்குடி