ஞாயிறு மாலை பெண்கள் ஐக்கியம்: டோனாவூர் அம்மா

அன்பான சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் பினாங்கு சபை மண்டபத்திலேயே கூடுகிறோம். இந்த மாதம் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிப் பேசலாம். நம்மில் சிலருக்குப் பூர்வீகம் அந்தப் பக்கம்தானே, பாட்டிமார் சொன்ன கதை ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள்.

அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். முதலில் ஜப்பான் போனார், உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1895-ல் இந்தியா வந்தார். அதன்பின் 1951-ல் கண்மூடும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. 1901-ல் கோயிலுக்கு விடப்பட்ட ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அங்கே தொடங்கியதுதான் டோனாவூர் பிள்ளைகள் இல்லம்.

சேலை கட்டினார், தமிழ் பேசினார் என்பதையே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பொன்னம்மாள். இளம் விதவை. ஏமியோடு கிராமம் கிராமமாக நடந்தவர், பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர். அவர் இல்லாமல் அந்த இல்லம் நின்றிருக்குமா? 1915-ல் புற்றுநோயால் இறந்தார். அவரைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை!

1931-ல் ஏமி ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மீதி வருடங்கள் பெரும்பாலும் படுக்கையில்தான். எழுதுவதை மட்டும் விடவில்லை. சுகம் கேட்டு ஜெபித்தும் கிடைக்காதபோது விசுவாசம் என்ன ஆகிறது? இதைத்தான் மனம்விட்டுப் பேச வேண்டும். படுக்கையில் அம்மா அப்பாவை வைத்துப் பார்க்கும் அக்காமார் கட்டாயம் வாருங்கள்.

மீஹூன் கோரேங் ஏற்பாடாகிவிட்டது. பலகாரம் கொண்டு வருபவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள், போன மாதம் மாதிரி எல்லாரும் கேசரியோடு வந்து நிற்க வேண்டாம் 😄