எந்த முகவரிக்கு அனுப்ப?

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று உன் கட்டைவிரல் படம் சொல்கிறது. போன வாரம் நான் எழுதிய ஏழு வரிக்கு ஒரு கட்டைவிரல், அதற்கு முந்தின வாரம் இன்னொன்று. சரி, வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது, சிரிக்காதே. ஞாயிறு மதியம் நாங்கள் நான்கு பேர் டீச்சர் வீட்டில் கூடி போர்டு கேம் ஆடுகிறோம். அவர் மகன் வீட்டைவிட்டுப் போகும்போது விட்டுப்போன பெட்டிகள் அலமாரி நிறையக் கிடக்கின்றன. அப்பாவையும் கூப்பிட்டேன். "மறுபடியும் உன்னோடா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஏன் என்று உனக்குத் தெரியும்.

முதலில் எடுத்தது கேட்டான் என்ற ஆட்டம். 1995-ல் வந்ததாம், கிட்டத்தட்ட உன் வயசு. 19 அறுகோணத் துண்டுகளை அடுக்கி ஒரு தீவு செய்து, பகடையில் விழுகிற எண்ணுக்குத் தக்கபடி மரம், செங்கல், கம்பளி என்று சீட்டு வாங்கி, சாலையும் ஊரும் கட்ட வேண்டும். 10 புள்ளி முதலில் எடுத்தவர் ஜெயித்தார். பகடையில் 7 விழுந்தால், கையில் ஏழு சீட்டுக்கு மேல் வைத்திருப்பவர் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். என்னிடம் 11 இருந்தது. சேர்த்து வைப்பது நல்ல புத்தி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்! ஐந்தை எண்ணி வைக்கும்போது வயிறு எரிந்தது. ஆட்டம் முழுக்கப் பண்டமாற்றுதான், ஆனால் கடைசி அரைமணி நேரம் யாரும் என்னோடு மாற்றிக்கொள்ளவே இல்லை. "உங்ககிட்ட ஒண்ணு வாங்க மூணு போகுது" என்றார் டீச்சர். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டிக்கெட் டு ரைடு பிடித்தது. அமெரிக்க வரைபடம், ஆளுக்கு 45 குட்டி ரயில் பெட்டிகள். ஒரே நிறச் சீட்டுகளைச் சேர்த்து ஊருக்கு ஊர் தண்டவாளம் பிடிக்க வேண்டும். தொடங்கும்போதே மூன்று டிக்கெட் தருவார்கள், இரண்டையாவது வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூயார்க் வந்தது, முடித்தால் 21 புள்ளி. நீ இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே நடுவில் இருக்கிற குறுகலான வழிகளைப் பிடிக்கச் சொல்லியிருப்பாய். உனக்கு அந்தக் கண் உண்டு, சின்ன வயசிலிருந்தே. உன் அண்ணனுக்குக் கிடையாது. நான் ஓரத்திலிருந்து நிதானமாக வந்தேன். ஒரே ஒரு இணைப்பு பாக்கி இருக்கும்போது அதை இன்னொருத்தர் பிடித்துவிட்டார். சுற்றிப் போகப் பெட்டி போதவில்லை. முடிக்காத டிக்கெட்டுக்குப் புள்ளி கிடைக்காது என்பது மட்டுமில்லை, இருக்கிற புள்ளியிலிருந்து அந்த 21-ஐக் கழித்தும் விடுகிறார்கள். தோற்றாலும் அது நியாயம் என்று சொன்னேன். எடுத்த டிக்கெட்டைப் பாதியில் விடலாமா என்றேன். "வழியையே அடைச்சுட்டா அவ என்ன பண்ணுவா?" என்றார் டீச்சர். ரயிலைப் பற்றித்தான் சொன்னார்.

அண்ணன் போனில் ஏதோ உளறினான். புது வீடு, சின்ன வீடு, உனக்கு ஆபீஸ் பக்கம் என்று ஆரம்பித்து, பிறகு சிக்னல் சரியில்லை என்றான். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல் என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவேன் அல்லவா, இந்தத் தடவை எழுதவில்லை. எழுத வேண்டுமென்றால் சொல், அடுத்ததில் எழுதுகிறேன். தூக்கத்தை மட்டும் கெடுத்துக்கொள்ளாதே.

ஹனாபி என்று ஒன்று. சின்னப் பெட்டி, 50 சீட்டு, ஐந்து நிறம். ஒவ்வொரு நிறத்திலும் 1 முதல் 5 வரை வரிசையாக இறக்க வேண்டும். எல்லோரும் ஒரே கட்சி, ஒருவரை ஒருவர் ஜெயிக்க வேண்டியதில்லை. இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சீட்டைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் பாப்பா! என் சீட்டின் முதுகு என் பக்கம், முகம் மற்றவர்கள் பக்கம். எல்லோர் கையும் எனக்குத் தெரிகிறது, என் கை மட்டும் எனக்குத் தெரியாது. மூன்று தடவை நேராகவே பிடித்துவிட்டு டீச்சரிடம் திட்டு வாங்கினேன்.

அவரவர் கையில் என்ன இருக்கிறது என்பதை மற்றவர்தான் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "இந்த இரண்டும் சிவப்பு", "இது 3" என்று நிறமோ எண்ணோ மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு நீல வில்லை செலவாகும், இருப்பது எட்டு. என் முறை வந்தபோதெல்லாம் நான் யாருக்காவது குறிப்புச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தாலும் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னால் நல்லதுதானே என்று பட்டது. வில்லை தீர்ந்துவிட்டது. ஒரு சீட்டைக் கழித்தால் ஒரு வில்லை திரும்பக் கிடைக்கும். ஓரத்துச் சீட்டில் விரலை வைத்தேன். மூன்று பேர் முகமும் செத்துப்போனது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். ஆனால் சொல்ல முடியாதே, எனக்குச் சொல்ல ஒரு வில்லை மிச்சமில்லை. கழித்த பிறகு திருப்பிப் பார்த்தால் வெள்ளை 5. ஒவ்வொரு நிறத்துக்கும் 5 ஒன்றே ஒன்றுதான். 25-க்கு 17 எடுத்தோம்.

இரண்டு நாள் அதே நினைவாக இருந்தது.

கடைசியாக ஆடியது தி மைண்ட். 1 முதல் 100 வரை சீட்டு. யாரும் பேசக் கூடாது, சைகை கூடாது. எல்லோர் கையிலும் இருக்கிற சீட்டுகள் ஏறுவரிசையில் நடுவில் விழ வேண்டும். யாரிடம் சின்ன எண் என்று தெரியாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். என்னிடம் 31 இருந்தது. போடலாமா, வேறு யாராவது போடட்டுமா என்று இருந்துவிட்டேன், டீச்சர் 38 போட்டுவிட்டார். ஒரு உயிர் போச்சு. எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கலாம் என்பதுதான் அந்த ஆட்டமே. அதை விதித்தாளில் எங்கும் எழுதவில்லை.

டீச்சர் வீட்டில் ஒருவரே தனியாக ஆடக்கூடிய ஆட்டங்கள் கூட இருக்கின்றன. எதற்கு அதை எழுதினேன்? விடு.

சொல்ல வந்தது வேறு. போன வாரம் அலமாரியின் அடியிலிருந்து மோனோபொலி வந்தது. அதன் மூலத்தை எலிசபெத் மேகி என்ற பெண் கண்டுபிடித்து 1904-ல் காப்புரிமை வாங்கினாராம். நிலமெல்லாம் ஒரே கையில் சேர்ந்தால் மற்றவர்கள் கதி என்ன ஆகும் என்று காட்டத்தானாம். நான் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை நன்றாகவே காட்டினேன். நினைவிருக்கிறதா? எனக்கு இரண்டு கருநீலத் தெருவிலும் ஓட்டல். உன்னிடம் எல்லாச் சீட்டும் அடமானத்தில் குப்புறக் கிடந்தன. "போதும்மா, நான் எழுந்துக்கறேன்" என்றாய். ஆட்டத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்கிறவளை நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். அந்த அறையில் இருந்ததே மூன்று பேர். அதில் அப்பா "விடேன்" என்றார்.

விடவில்லை. என் பணக்கட்டிலிருந்து எடுத்து உனக்குக் கடன் கொடுத்தேன், நீ தொடர்ந்து ஆட. நீ பகடை போடுவாய், என் தெருவில் வந்து நிற்பாய், என் பணத்தையே எனக்கு வாடகையாகக் கொடுப்பாய். இரண்டு மணி நேரம். உனக்குப் பொறுமை கற்றுக்கொடுக்கிறேன் என்று எனக்குப் பெருமை. உன் பள்ளிக்கூட டைரியில் கூட எழுதி அனுப்பினேன், என் மகள் எதையும் பாதியில் விடமாட்டாள் என்று.

போன வாரம்தான் அதன் விதித்தாளை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். ஆடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கவே கூடாதாம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லையென்றால் ஆட்டத்திலிருந்து வெளியே வந்துவிட வேண்டியதுதானாம். நீ முதல் மணி நேரத்திலேயே எழுந்திருக்க வேண்டியவள். விதியை மீறினது நான்.

எல்லாம் முடிந்து நான் காசை அடுக்கிக்கொண்டிருந்தபோதும் நீ அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாய். "இப்போ எழுந்துக்கலாமா?" என்று கேட்டாய். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

எழுந்துக்கலாம் பாப்பா.

தி மைண்ட் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், உள்ளங்கை அளவுதான். இரண்டு பேர் போதும், இரண்டு பேருக்கு 12 சுற்று. யாரோடு வேண்டுமானாலும் ஆடு, இல்லை நான் வரும்வரை பிரிக்காமல் வை. நான் வரலாமா என்று கேட்கவில்லை, நீ சொல்லும்போது வருகிறேன். பார்சலை எந்த முகவரிக்கு அனுப்பட்டும்? என்னிடம் இருப்பது பழைய முகவரி. கட்டைவிரல் வேண்டாம், கதவு எண்ணோடு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

அப்பா கேட்கச் சொன்னார்: அந்த வீட்டில் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா? அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.