ரோமானிய ஈமப்பேழைகள் பற்றிய படநூலுக்கு உங்கள் நன்கொடை தேவை

அன்புடையீர், வணக்கம்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்கு ஈமப்பேழை, அதாவது இறந்தவரின் உடலை வைக்கும் கல்பெட்டி, இருக்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ரோமின் துறைமுக நகரமான ஓஸ்தியாவில் கிடைத்தது. திராட்சை மிதிக்கும் தொட்டி போல முனைகள் வளைந்திருக்கும். முகப்பில், நிலாதேவி செலினி தேரைவிட்டு இறங்கி, உறங்கும் எண்டிமியோனை நோக்கி வருகிறாள்; கிரேக்கப் புராணத்தில் அவள் காதலித்த இளைஞன் அவன். மூப்பே வராத, விழிப்பும் இல்லாத உறக்கம் அவனுடையது. மூடியில் உள்ள எழுத்தைப் படித்தால்தான் அது யாருக்கான பெட்டி என்று தெரிகிறது: 50 ஆண்டும் 10 மாதமும் வாழ்ந்த தாய் அர்ரியாவுக்கு, மகள் அனினியா ஹிலாரா செய்வித்தது.

இறந்தவள் தாய், உறங்குகிறவனோ ஓர் இளைஞன். மகளுக்கு அது பொருத்தமில்லாமல் படவில்லை. அம்மா தூங்குகிறாள், அவளைத் தேடி ஒரு தெய்வம் வருகிறது. மகளுக்கு அது போதுமாக இருந்திருக்கும் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் எரிக்கும் வழக்கம் குறைந்து புதைக்கும் வழக்கம் பெருகியது. வசதியானவர்கள் இப்படிப்பட்ட பேழைகளை வாங்கினார்கள். கல்லறை அறைக்குள் சுவரோரம் வைப்பதால் பெரும்பாலும் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கும். தீவட்டியைத் தலைகீழாக ஊன்றிச் சாய்ந்து நிற்கும் சிறகுச் சிறுவன், பாதி திறந்த கதவு, நான்கு பருவங்கள் என்று மற்ற பக்கங்களில் இடமே விடமாட்டார்கள். ரோமில் உள்ள போர்ட்டொனாச்சியோ பேழை (சுமார் கி.பி. 180) இன்னும் விசித்திரம். முகப்பு முழுக்கப் போர்க்களம். குதிரைகள், வீழ்ந்த வீரர்கள், ஒவ்வொரு தாடியும் தனித்தனியாகச் செதுக்கியது. நடுவில் பாய்ந்து வரும் தளபதிக்கு மட்டும் முகமில்லை, மொழுக்கென்ற கல். வாங்குகிறவரின் சாயலைப் பிறகு செதுக்கலாம் என்று விட்டுவைத்தது அப்படியே நின்றுவிட்டது என்று ஒரு விளக்கம் உண்டு.

இவற்றையெல்லாம் எளிய தமிழில் ஒரு படநூலாகக் கொண்டுவர எங்கள் குழு முயல்கிறது. முதலில் ஒளிப்படங்களை அப்படியே அச்சிட்டுப் பார்த்தோம். சாம்பல் பூசியதுபோல வந்தது. தீவட்டி தலைகீழாக இருப்பதே தெரியவில்லை. சரி, கோட்டோவியம்தான் வழி என்று முடிவு செய்தோம். மொத்தம் 40 ஓவியங்கள். 13 முடிந்துவிட்டன. மீதி 27க்கு, ஒன்றுக்கு 1,500 ரூபாய் வீதம் 40,500 ரூபாய். 500 பிரதிகள் அச்சிட 85,000 ரூபாய். ஆக 1,25,500 ரூபாய். அதில் 38,000 ரூபாயை உறுப்பினர்களே போட்டிருக்கிறோம்.

உங்களால் முடிந்ததைத் தாருங்கள். 50 ரூபாய் என்றாலும் பொருளாளர் ரசீது தருவார். 500 ரூபாய்க்கு மேல் தருபவர்களுக்கு ஒரு பிரதி உண்டு. 100 பிரதிகள் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகப் போகும். அப்புறம், ஒரு முழு ஓவியத்தின் செலவையும் ஏற்பவர், விரும்பினால் அதன் கீழே தம் வீட்டில் மறைந்த ஒருவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அர்ரியாவின் பேழையை ஓர் உறுப்பினர் தம் அம்மா பெயரில் எடுத்துக்கொண்டுவிட்டார். முகமில்லாத தளபதியை இன்னும் யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
நூலாக்கக் குழுவினர்