பலெர்மோவின் மிச்சக் கதையையும் சொல்லுங்கள்

யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுவினருக்கு,

வணக்கம். 2015-இல் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவின் அரபு-நார்மன் கட்டடங்களையும் செஃபலூ, மொன்ரியாலே பேராலயங்களையும் உங்கள் பட்டியலில் சேர்த்தீர்கள். பல இனத்தாரும் மதத்தாரும் நல்லபடி சேர்ந்து வாழ்ந்ததற்கு இவை சான்று என்பது உங்கள் கருத்து. சிசிலி வரலாற்றை ஆசையோடு படித்து வருபவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முஸ்லிம்கள் ஆண்ட சிசிலியைப் பதினோராம் நூற்றாண்டில் நார்மன் கிறிஸ்தவர்கள் கைப்பற்றினார்கள்; இந்தக் கட்டடங்கள் அவர்கள் கால அரசர்களுடையவை. அந்தக் கருத்து பொய்யில்லை. நார்மன் அரசர் இரண்டாம் ரோஜர் கட்டிய அரண்மனைச் சிற்றாலயத்தில் கிரேக்கப் பாணி மொசைக்குகளுக்கு மேலே அரபு எழுத்துகள் கொண்ட மரக்கூரை இருக்கிறது. அரசவைப் பாதிரியார் ஒருவர் தன் தாய்க்கு வைத்த கல்லறைக் கல்லில் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றும் இருக்கின்றன. போதாததற்கு ஹீப்ரு எழுத்தில் அரபு வேறு. முஸ்லிம் அறிஞர் அல்-இத்ரீசி தன் புவியியல் நூலை ரோஜருக்காகத்தான் எழுதி 1154-இல் முடித்தார்.

ஆனால் இதெல்லாம் அரண்மனையைச் சுற்றி நடந்தவை. 1184 இறுதியில் மெசினா அருகே கப்பல் உடைந்து கரையேறிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் எழுதியதைப் பாருங்கள். அப்போதைய அரசர், ரோஜரின் பேரன் இரண்டாம் வில்லியம் அரபு படிப்பார் என்கிறார். கரைசேரப் படகுக்கூலி கொடுக்க முடியாத ஏழை முஸ்லிம்களுக்கு அந்த அரசரே பணம் கொடுத்தார் என்றும் நன்றியோடு சொல்கிறார். அதே பயணத்தில் சிசிலி முஸ்லிம்களின் தலைவர் அபுல் காசிம் இப்னு ஹம்மூத்தையும் சந்திக்கிறார். அபராதத்தில் சொத்தெல்லாம் இழந்த மனிதர் அவர். தன்னையும் குடும்பத்தையும் அடிமையாக விற்றுவிட்டால்கூடத் தேவலை, அப்படியாவது முஸ்லிம் நாட்டுக்குப் போய்ச் சேரலாமே என்றாராம். ஊரிலேயே பெரிய மனிதருக்கு அந்த நிலை என்றால், கிராமத்துக் குடியானவனை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குடியானவர்களின் பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. மொன்ரியாலே மடத்துக்கு வில்லியம் நிலங்களைக் கொடுத்தபோது, அவற்றில் உழைத்த முஸ்லிம் குடும்பங்களையும் சேர்த்தே கொடுத்தார். 1178-லும் 1183-லும் எழுதிய ஆள்பட்டியல்கள் அரபியிலும் கிரேக்கத்திலும் இன்றும் உள்ளன. பொன் மொசைக் ஜொலிக்கும் அந்தப் பேராலயத்தின் வருமானத்தில் இவர்கள் கட்டிய வரியும் உண்டு. முஸ்லிம் அரசுகளில் மற்ற மதத்தார் கட்டிய ஜிஸ்யா என்ற வரியை இங்கே முஸ்லிம்கள் கட்டினார்கள்.

இவர்களுக்கு இருந்த பாதுகாப்பு அரசர் ஒருவரே. 1161-இல் பிரபுக்கள் கலகம் செய்து இரண்டாம் வில்லியமின் தந்தையான அரசர் முதலாம் வில்லியமைப் பிடித்து வைத்ததும் பலெர்மோவில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். 1189-இல் இரண்டாம் வில்லியம் இறந்தபோது மறுபடி தாக்குதல். தப்பியவர்கள் மலைகளுக்கு ஓடினார்கள். அப்புறம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலி அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் அவர்களோடு போரிட்டு, ஆயிரக்கணக்கானோரைத் தென் இத்தாலியின் லுசேராவுக்குக் குடிபெயர்த்தார். 1300-இல் அந்த ஊரையும் அழித்து, மக்களை அடிமைகளாக விற்றார் நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லஸ்.

கட்டடங்களின் அழகைக் குறைத்துச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று சொல்லும் இடத்திலேயே, யாருடைய தயவில் வாழ்ந்தார்கள், அது போனதும் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1161, 1189, லுசேரா மூன்றையும் உங்கள் விவரக்குறிப்பில் சேருங்கள். மொன்ரியாலேக்கு வருகிறவர்கள் அந்த ஆள்பட்டியலின் ஒரு பக்கத்தையாவது, பெயர்களைத் தங்கள் மொழியில் வாசிக்கும்படி, பேராலயத்துக்குள்ளேயே பார்க்க வழி செய்யும்படி இத்தாலிய அரசைக் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று வாசகன்