தன்வரலாறும் தன்வரலாற்று வேடமிட்ட நாவலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நூல் அறிமுகப் பகுதியில், ஆர்தர் கோல்டன் 1997இல் எழுதிய நூல் 'ஒரு கெய்ஷாவின் தன்வரலாறு' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அது, ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் ஜப்பானியப் பெண் கலைஞர்களான கெய்ஷாக்களைப் பற்றி அமெரிக்க ஆண் ஒருவர் எழுதிய நாவல். இதற்காகக் கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. முன்னாள் கெய்ஷா ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்டுப் பதிவு செய்ததாக ஒரு பேராசிரியர் தரும் குறிப்புடன்தான் நூலே தொடங்குகிறது. அந்தப் பேராசிரியரும் கற்பனைப் பாத்திரம்தான் என்பது தெரியாமல் பாதி நூல்வரை ஏமாந்தவள் நான்.

நாவலுக்காகக் கோல்டன் நேர்கண்டவர்களுள் ஒருவர் இவாசாகி மினேகோ. 1949இல் கியோட்டோவில் பிறந்த இவர், சிறு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து அந்நகரின் கெய்ஷா வட்டாரமான கியோன் கோபுவில் ஓர் ஒக்கியாவுக்கு, அதாவது கெய்ஷாக்கள் தங்கிப் பயிலும் இல்லத்துக்கு, வந்து, பதினைந்து வயதில் மைக்கோ எனப்படும் பயிற்சி நிலையை அடைந்து, புகழின் உச்சியில் இருந்தபோதே முப்பது வயதுக்குள் தொழிலை விட்டவர். தம் பெயரை வெளியிடுவதில்லை என்ற வாக்கை மீறிக் கோல்டன் நன்றியுரையில் அதை அச்சிட்டார் என்றும், நாவலில் வரும் கன்னிமை ஏலம் தம் வாழ்வில் நடந்ததாகப் பேசப்பட்டது என்றும் குற்றஞ்சாட்டி 2001இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2003இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. இதற்கிடையே, 2002இல், அவருடைய உண்மையான தன்வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்டது. அறிமுகப்படுத்தியிருக்க வேண்டியது அந்த நூலைத்தான்.

'கெய்' என்றால் கலை, 'ஷா' என்றால் ஆள். இந்தப் பொருளை விட்டு இவாசாகி எங்கும் விலகுவதில்லை. இனோவுவே மரபு நடனம், ஷாமிசென் இசை, தேநீர்ச் சடங்கு என்று நீளும் பயிற்சியும், அந்தப் பயிற்சி உடம்பிடம் வாங்கும் விலையும் அவர் நூலில் வருகின்றன. மைக்கோவின் கொண்டை உச்சந்தலையில் இறுக முடிந்த ஒரு கொத்து மயிரின்மேல் நிற்பது. அது கலையாமல் இருக்க, கழுத்துக்கு மட்டும் உயரமான கட்டை கொடுத்து உறங்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இழுபட்ட இடத்தில் முடி உதிர்ந்து வழுக்கை விழும். பட்டும் வெண்பூச்சும் தீட்டிய அட்டைப்படங்களில் இந்த வழுக்கை தெரிவதில்லை.

ஆயினும் இவாசாகி சொல்வதே கெய்ஷா வாழ்வின் முழு உண்மை என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒக்கியாவின் வாரிசாகத் தத்தெடுக்கப்பட்டவர். கடனுக்கு விற்கப்பட்டு வந்த பெண்ணின் கணக்கேடு வேறு. 1925இல் பிறந்த மசுதா சாயோ, நாகனோ மாநிலத்தில் பிறர் வீட்டுக் குழந்தைகளைச் சுமக்கும் வேலையில் விடப்பட்டு, பன்னிரண்டு வயதில் சுவா வெந்நீர் ஊற்று நகரின் கெய்ஷா இல்லம் ஒன்றுக்கு விற்கப்பட்டார். குளிரில் ஒரு பாதத்தை மற்றக் காலின் தொடையில் வைத்துச் சூடேற்றியபடி நின்றதால் அந்தச் சிறுமிக்குக் 'கொக்கு' என்று பெயர் வந்ததாம். பள்ளிக்கே போகாமல், பின்னர் எழுதக் கற்று 1957இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் உடலும் விலைபோகிறது. அதை அவர் மறைக்கவில்லை. கியோட்டோவின் நடன அரங்கையும் மலை நகரத்து விடுதியையும் ஒரே சொல்லால் அழைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

அறிமுகக் கட்டுரை கெய்ஷாவைத் 'தேவதாசி' என்று தமிழாக்கியிருப்பதும் பொருந்தவில்லை. கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர் தேவதாசி. கெய்ஷாவுக்கு அப்படியொரு கோயில் தொடர்பே இல்லை. 'கெய்ஷா' என்றே எழுதியிருக்கலாம்.

அடுத்த இதழில், அந்நூல் நாவல் என்ற திருத்தத்தையாவது வெளியிட வேண்டுகிறேன். இடமிருந்தால் மசுதாவின் நூலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்.