ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் சேவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். செல்போன் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுபவர்களைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள். நல்லது, போடட்டும். தின்றுகொண்டே ஓட்டுபவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் மதுரை - திருநெல்வேலி ரோட்டில்தான் ஓட்டினேன். அந்தப் பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

எங்கள் சாத்தூரைத் தாண்டும் கார்களில் சேவு வாங்காமல் போவது குறைவு. வெள்ளரிக்காய் சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி, கவரில் போட்டு ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். வாங்கியவர் வண்டியை ஓரங்கட்டித் தின்றுவிட்டுப் போகலாம் இல்லையா? மாட்டார். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை கவருக்குள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கினால் மிளகாய்ப் பொடி ஒட்டிய அதே கையால் துடைப்பார். அப்புறம் கண்ணைத் திறந்த மாதிரிதான். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும். எங்கள் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பஸ் நீளம். சேவுத் தூள் தொண்டையில் சிக்கிப் புரையேறினால் இருமல் நிற்க எத்தனை நொடி ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு வழிச்சாலையில் நடுத்தடுப்பு இடைவெளிக்குள்ளிருந்து டூவீலர் திரும்புவதற்கு அதில் பாதி நேரம் போதும்.

தண்ணீர் பாட்டில் இதைவிட மோசம். சீட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்த பாட்டில், பிரேக் பிடித்ததும் முன்னால் உருண்டு பெடலுக்கு அடியில் போய் நிற்கும். காலி பாட்டிலாவது நசுங்கித் தொலையும். மூடி இறுக்கிய நிறை பாட்டில் நசுங்காது. பெடல் பாதியோடு நின்றுவிடும். ஓட்டுகிறவர் குனிந்து அதை எடுக்கப் பார்ப்பார், ரோட்டை யார் பார்ப்பது? எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், ஓட்டுநர் பக்கத்தில் இருக்கிற இன்ஜின் மூடியான பானட் மேல் ஒரு டீ டம்ளர் இருந்தால்கூட வண்டியை எடுக்க விடமாட்டார். இப்போது காரிலேயே கப் வைக்கக் குழி செய்து கொடுக்கிறார்கள். என் மருமகனிடம் சொன்னால், "அதுக்குத்தான மாமா வச்சிருக்கான்" என்கிறார். சிகரெட் பற்றவைக்கக்கூடத்தான் ஒரு காலத்தில் காரில் வசதி வைத்துக் கொடுத்தார்கள்!

பஸ், லாரி ஓட்டுபவர்கள் கதை வேறு. சமீபத்தில் ஒரு தனியார் பேருந்தில் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். ஓட்டுநர் மடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். கியர் மாற்றுகிற கையாலேயே அள்ளித் தின்றார். இறங்கும்போது, "ஏன் தம்பி, நிறுத்திச் சாப்பிடக் கூடாதா?" என்றேன். "இறங்கிச் சாப்பிட்டா அடுத்த டைம் போயிரும்யா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. தாளில் அந்த அரை மணி இருக்கும். வழியில் ஒரு நெரிசல், ஒரு ரயில்வே கேட் என்று வண்டி தாமதமானால், முதலில் வெட்டு விழுவது அதில்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு செல்போன் போன்ற கையில் பிடித்துப் பேசும் கருவிகளைத் தனியாகச் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். சாப்பிடுவதைப் பற்றி அப்படித் தனியாக எதுவும் எழுதவில்லை. ஆனால் வண்டியில் இருப்பவர்கள் பதறும்படி ஓட்டினாலும் குற்றம் என்று அதே பிரிவு சொல்கிறது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். பொட்டலத்தோடு ஓட்டுகிற கார்க்காரர் மீது இதைப் போடலாம். பஸ் ஓட்டுநருக்கு அபராதம் போட்டுப் பயனில்லை. வண்டி எவ்வளவு தாமதமாக வந்தாலும் அந்த அரை மணி நேரம் முடியாமல் அடுத்த டிரிப்புக்கு எடுக்க விடக் கூடாது என்று, அரசு பஸ், தனியார் பஸ் இரண்டுக்கும் போக்குவரத்துத் துறை உத்தரவு போட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அதை நோட்டில் குறித்து ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
சாத்தூர்.