சிறிய மாநிலங்களுக்கு என்ன லாபம்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி உங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எலெக்டோரல் காலேஜ் முறையை (மக்கள் நேரடியாக அல்லாமல், மாநிலவாரியாகத் தேர்வாகும் ‘தேர்வாளர்கள்’ அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்துவிட்டால் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் சேர்ந்து நாட்டுக்கே அதிபரை முடிவு செய்துவிடும், சிறிய மாநிலங்களை யாரும் சீண்டமாட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. இங்கே டிவி விவாதங்களிலும் இதே பேச்சுதான். கலிபோர்னியாவில் ஓட்டுப் போடுகிறவள் என்ற முறையில் எனக்கு இதில் மறுப்பு உண்டு.

கலிபோர்னியா முழுவதும் ஒரே பக்கம் ஓட்டுப் போடுவதில்லை. என் வீட்டிலேயே நான் ஜனநாயகக் கட்சி, என் கணவர் குடியரசுக் கட்சி. 2020இல் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு மிக அதிக வாக்குகள் விழுந்த மாநிலம் எது தெரியுமா? டெக்சாஸ் இல்லை, கலிபோர்னியா. 60 லட்சத்துக்கு மேல். அதற்குக் கிடைத்த தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. அதே தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு நியூயார்க்கைவிடக் கொஞ்சம் அதிகமாகவே டெக்சாஸில் விழுந்தது. அதுவும் கணக்கில் சேரவில்லை. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் எல்லாம் ஒரு ஓட்டு முந்தினாலும் மொத்தத் தேர்வாளர்களும் முந்தியவருக்கே. என் கணவரின் ஓட்டு வீண். ஏற்கெனவே ஜெயித்த பக்கத்தில் போய் விழுவதால் என்னுடையதும் ஏறக்குறைய வீண்தான். வீட்டில் சண்டை வராமல் இருக்க இது உதவுகிறது, அந்த வரைக்கும் சரி.

சிறிய மாநிலங்களுக்காவது லாபமா என்றால், காகிதத்தில் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி வயோமிங்கில் சுமார் 5.77 லட்சம் பேர், 3 தேர்வாளர்கள். கலிபோர்னியாவில் 3.95 கோடிப் பேர், 54 தேர்வாளர்கள். அங்கே 1.92 லட்சம் பேருக்கு ஒருவர், இங்கே 7.3 லட்சம் பேருக்கு ஒருவர். இவ்வளவு சலுகை இருந்தும் வயோமிங்குக்காக எந்த வேட்பாளர் மெனக்கெடுகிறார்? அது குடியரசுக் கட்சிக்கு, வெர்மான்ட் ஜனநாயகக் கட்சிக்கு என்று முன்பே எழுதி வைத்தாகிவிட்டது. 2024இல் கூட்டம், விளம்பரம், பணம் எல்லாம் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்களைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பென்சில்வேனியாவில் இருக்கும் என் தங்கை, அக்டோபர் வந்தாலே தபால் பெட்டியில் கட்சி நோட்டீஸ்களுக்கு நடுவே கரன்ட் பில்லைத் தேட வேண்டியிருக்கிறது என்பாள். எனக்கு வருவதெல்லாம் நன்கொடை கேட்டு மெசேஜ். எங்கள் பணம் வேண்டும், ஓட்டு வேண்டாம்!

2000, 2016 இரண்டிலும் நாடு முழுக்கக் குறைந்த வாக்கு வாங்கிய குடியரசுக் கட்சிக்காரர் அதிபரானார். அந்த ஆற்றாமையில் உங்கள் கட்சிக்காரர்கள் புலம்புகிறார்கள் என்பார் என் கணவர். நான் அவருக்கு 2004ஐ ஞாபகப்படுத்துவேன். அந்த வருஷம் நாடு முழுக்க குடியரசுக் கட்சியின் புஷ்ஷுக்கு சுமார் 30 லட்சம் வாக்குகள் அதிகம். ஆனால் ஓஹையோவில் மட்டும் ஒரு 60,000 பேர் மாற்றிப் போட்டிருந்தால் எங்கள் கட்சியின் ஜான் கெர்ரிதான் அதிபர். அப்போது புலம்பல் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும்?

நேரடி வாக்கு முறையில் எனக்கும் ஒரு கவலை இருக்கிறது. 2000இல் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் இழுபறி நடந்தது. நாடு முழுக்க மறுஎண்ணிக்கை என்று வந்தால், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்திருக்கும் இந்த நாட்டில் கூத்துதான். ஆனால் அதே 2000இல் நாடளாவிய வித்தியாசம் 5 லட்சத்துக்கு மேல். அதை யாரும் திரும்ப எண்ணச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இது புதுக் கோரிக்கையும் அல்ல. 1969இல் பிரதிநிதிகள் சபை நேரடித் தேர்தலுக்கான அரசியல் சட்டத் திருத்தத்தை 338க்கு 70 என்று நிறைவேற்றியது. அடுத்த வருஷம் செனட்டில் பேசிப் பேசியே இழுத்தடித்து அதை முடித்துவிட்டார்கள். இப்போது வேறொரு வழியில் போகிறார்கள். நாடு முழுவதும் அதிக வாக்கு பெறுபவருக்கே தங்கள் தேர்வாளர்களைக் கொடுப்பதாகச் சில மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு சட்டம் இயற்றுகின்றன. சேர்ந்த மாநிலங்களின் தேர்வாளர்கள் கூட்டுத்தொகை, ஜெயிக்கத் தேவையான 270ஐத் தொட்டால் அது அமலுக்கு வரும். 2024இல் மெய்ன் சேர்ந்தபோது 209 ஆனது. அந்த மெய்னுக்கு 4 தேர்வாளர்கள்தான். அதற்கு முன்பே ஹவாய், வெர்மான்ட், ரோட் ஐலண்ட், டெலவேர் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒன்றுக்கும் நாலுக்கு மேல் கிடையாது. சிறிய மாநிலங்களுக்காக இவ்வளவு கவலைப்பட்ட கட்டுரையாளர் இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சேக்ரமென்டோ, கலிபோர்னியா